வெண்பனிக் காட்டில் ஒரு கமரா

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் படங்களைக் காட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விழாக் குழுவினர் முதலில் என்னிடம் கேட்டது சுகாதாரம் பற்றிய ஒரு பேச்சு. நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று மூன்று தலைப்புகளும் தந்தார்கள். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய வைத்தியர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். ஆகவே, தொழிலுக்கு வெளியே நான் மனம் வைத்துச் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கதைக்கலாமா என்று கேட்டேன். பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் காட்டையும் காட்டுயிர்களையும் படம் பிடிப்பதுதான் அந்தக் காரியம்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்ட என் பெரியம்மா கேட்டார்: "குளிருக்குப் பயந்து சனம் வீட்டுக்குள்ள இருக்கேக்க நீ ஏன் பிள்ளை காட்டுக்குப் போறாய்?" நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் மயக்க மருந்து வைத்திய நிபுணராக வேலை செய்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வடக்கே காரில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் ஓடினால் அல்கொன்குவின் என்ற காடு வரும். 1893ஆம் ஆண்டிலேயே அதைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். நம் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். காட்டின் தெற்குப் பகுதியை ஊடறுத்து 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் தூரம் போகிறது. மாரியிலும் அந்தச் சாலையில் பனியை வழித்துத் துப்புரவாக வைத்திருப்பார்கள். அதனால்தான் என்னைப் போல, பெரிய மலையேற்றமோ பனிச்சறுக்கோ தெரியாத ஒருத்தியும் அங்கே போய்வர முடிகிறது.

கோடையில் அங்கே சனக்கூட்டம், நுளம்பு, இலை அடர்த்தி. பத்து அடிக்கு அப்பால் ஒரு மிருகம் நின்றாலும் தெரியாது. குளிர்காலத்தில் மேப்பிள், பேர்ச் மரங்கள் எல்லாம் இலையுதிர்த்து நிற்கும். இளம் பீச் மரங்கள் மட்டும் வெளிறிய பழைய இலைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றில் அவை மட்டும் சரசரக்கும். காடு திறந்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: மற்றக் காலத்தில் காணமுடியாததைக் குளிர்காலத்தில் காணலாம்.

இப்போது முதலாவது படம். இதில் ஒரு உயிரும் இல்லை என்று சொல்வீர்கள். வெண்பனியில் வரிசையாகச் சிறு குழிகள். இடது பக்கத்திலிருந்து நேர்கோட்டில் வருகிற தடம் ஒரு நரியுடையது. நடுவில் தையல் போட்டதுபோலத் தெரிவது ஒரு எலி ஓடிய தடம். இடையிலே போகும் மெல்லிய கோடு அதன் வால். அந்தத் தையல் ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. முடிந்த இடத்தின் இரு பக்கமும் விசிறி விரித்தாற்போல அடையாளம் தெரிகிறதா? அது ஒரு பறவையின் சிறகு பட்ட இடம். இரவில் ஒரு ஆந்தை இறங்கி எழுந்திருக்கிறது. பனி ஒரு பதிவுப் புத்தகம். நோயாளியின் கட்டில் தலைப்பில் தொங்கும் அட்டையை வாசிப்பதுபோல அதை வாசிக்கலாம். இரவு முழுவதும் என்ன நடந்தது என்று காலையில் அதில் எழுதியிருக்கும்.

இரண்டாவது படம் ஹெம்லொக் மரங்கள். வெளிச்சத்தைப் பாருங்கள். மார்கழியில் அங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. நாள் முழுவதும் நம்மூர்ப் பின்னேர வெயில்போலச் சரிந்தே விழும். படம் பிடிப்பவர்கள் மற்ற நாடுகளில் விடியலிலும் அந்தியிலும் தேடியலையும் வெளிச்சம் அங்கே நண்பகலிலும் கிடைக்கும். பனியில் விழும் நிழல் நீல நிறமாகத் தெரிகிறதே, அது நான் கணினியில் பூசியதல்ல. நிழல் விழுந்த பனிக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம். அதனால் அது நீலம்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம். கமரா, தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும் ஒரு பொறி. பனியைக் கண்டதும் "அளவுக்கு மீறிய வெளிச்சம்" என்று முடிவெடுத்து அதைக் குறைத்துவிடும். வெள்ளைப் பனி அழுக்கு வேட்டிபோலப் படத்தில் வரும். ஆகவே கூட்டல், கழித்தல் அடையாளமுள்ள பொத்தானைக் கூட்டல் பக்கம் ஒன்று அல்லது ஒன்றரைப் படி நகர்த்த வேண்டும். கைத்தொலைபேசியிலும் திரையைத் தொட்டு மேலே இழுத்தால் இதைச் செய்யலாம்.

அடுத்தது பற்றரி. மறை 20, மறை 25 பாகைக் குளிரில் முழுதாக ஏற்றிய பற்றரியும் வெகு சீக்கிரம் படுத்துவிடும். உண்மையில் அது செத்துவிடுவதில்லை. உள்ளே நடக்கும் இரசாயனத் தாக்கம் குளிரில் மந்தமாகிவிடுகிறது. சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துச் சூடாக்கினால் திரும்பவும் வேலை செய்யும். அங்குள்ள நண்பர்கள் இதை எனக்கு ஒரு புதினமாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் படித்தவர்கள் நாங்கள். தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு நேரச் செய்தியாவது கேட்டுவிடலாம் என்று பார்த்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். ஜாம் போத்தல் விளக்கில் விலங்கியல் பாடமாக்கியவர்கள். ஒரு பற்றரியின் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வீட்டுக்குள் வரும்போதும் கவனம் வேண்டும். குளிர்ந்த கமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், குளிரூட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல்போல உள்ளும் புறமும் வியர்த்துவிடும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு இறுக மூடி, பிறகு உள்ளே கொண்டுவந்து, பையோடு சில மணித்தியாலம் விட வேண்டும். காருக்குள் சூடேற்றியைப் போட்டபடி கண்ணாடியை இறக்கிப் படம் எடுப்பதிலும் பயனில்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் வில்லைக்கு முன்னால் கலந்து நெளியும். எத்தனை இலட்சம் பெறுமதியான வில்லையாக இருந்தாலும் படம் மங்கித்தான் வரும்.

கமராவுக்கு இவ்வளவு சொன்னவள் உடம்புக்கும் சொல்லாவிட்டால் வைத்தியர் என்ற பெயருக்கு இழுக்கு. உங்களில் பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள். இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். கடும் குளிரில் உடம்பு ஒரு முடிவு எடுக்கிறது: இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. முதலில் விரல் நோகும். பிறகு நோ நின்றுவிடும். நோ நின்றதும் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். கவலைப்பட வேண்டிய நேரமே அதுதான். தோல் வெளிறி மெழுகுபோல வந்தால் தேய்க்கவே கூடாது. பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். மரத்துப்போன விரலை அடுப்பிலோ சூடேற்றியிலோ காட்டக் கூடாது, எரிவதே தெரியாது. உள்ளே வந்து, 37 முதல் 39 பாகைவரை சூடுள்ள நீரில் மெல்ல வைக்க வேண்டும். கூட வந்தவருக்கு நடை தடுமாறி, பேச்சுக் குழறி, கைப்பிடி நழுவத் தொடங்கினால், அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். குளிர் ஏறும்போது கெட்டுப்போவதில் முந்தியது தீர்மானிக்கும் புத்தி.

இனி மூன்றாவது படம். இந்தக் குருவிக்குப் பெயர் சிக்கடீ. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம். அது எழுப்பும் சத்தமே அதன் பெயர். எடை சுமார் 12 கிராம். மூன்று தேக்கரண்டி சீனி அளவு. இந்த 12 கிராம் மறை 30 பாகை இரவையும் தாங்கி, காலையில் கிளையில் வந்து பாடுகிறது. எப்படி? பகல் முழுவதும் தின்று கொஞ்சம் கொழுப்புச் சேர்க்கிறது. இரவில் ஒரு மரப்பொந்தில் ஒடுங்கி, தன் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்கும்கூட இறக்கிக்கொள்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு நோயாளியின் உடல் வெப்பம் இரண்டு பாகை இறங்கினாலே நாங்கள் பரபரப்படைந்து சூடான காற்றுப் போர்வையைப் போடுவோம். ஐந்து பாகை இறங்கினால் ஒரு மனிதருக்கு நினைவு தடுமாறும். இந்தச் சிறு குருவி ஒவ்வொரு கடுங்குளிர் இரவும் தானாக இறங்கி, விடியும்போது தானாக ஏறி வருகிறது. ஆனால் விடியும்போது அதன் சேமிப்பில் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். முதல்நாள் சேர்த்த கொழுப்பை இரவோடு இரவாக எரித்து முடித்திருக்கும். திரும்பவும் தேடித் தின்ன வேண்டும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி போனால் மறுநாள் பட்டினி. குளிர்காலக் காட்டில் அநேகமாக எல்லா உயிரும் அப்படித்தான் வாழ்கிறது.

நான் இன்று சொல்ல வந்த விடயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கோடையில் ஒரு பறவையை எழுப்பிவிட்டால் அது பறந்து போய், இன்னொரு கிளையில் இருந்து இன்னொரு புழுவைத் தின்னும். குளிர்காலத்தில் எழுப்பிவிட்டால், இரவுக்கென்று வைத்திருந்த சேமிப்பிலிருந்து அது செலவழிக்கிறது. நாம் எடுத்த படத்தின் விலையை அது கொடுக்கிறது.

ஒன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆர்க்டிக் பிரதேசத்துப் பனி ஆந்தைகளில் சில, குளிர்காலத்தில் தெற்கே ஒன்ராறியோவின் வயல்வெளிகளுக்கு வரும். வெள்ளை இறகு, மஞ்சள் கண். மரமில்லாத நாட்டில் வாழ்ந்து பழகியதால் வெட்டவெளியில் நிலத்திலேயே இருக்கும். ஒருநாள் ஒரு வயலோரம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வீதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆந்தை தூரத்தில் கண்ணை மூடியபடி இருந்தது. பறக்கும் படம் வேண்டும் என்று ஒரு இளைஞர் வயலுக்குள் இறங்கி நடந்தார். ஆந்தை எழுந்து சிறிது தூரம் போய் இருந்தது. அவர் திரும்பவும் நடந்தார். மூன்றாம் முறை அது வீதிக்குக் குறுக்கே, ஓடும் வாகனங்களுக்கு மேலாகத் தாழப் பறந்து போனது. திரும்பி வந்தவரிடம் நான் மெதுவாகக் கேட்டேன், ஏன் தம்பி என்று. "பறக்கத்தானே அதுக்குச் சிறகு இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் கெட்டவர் அல்லர். ஆந்தைமேல் ஆசை இல்லாதவர் அந்தக் குளிரில் அங்கே வந்திருக்கவும் மாட்டார். அவருக்குக் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை அவருக்குச் சொன்னேன். கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வாகனத்தருகே நின்று, ஆந்தை போன திசையையே ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் சிலர் செல்லப்பிராணிக் கடையில் எலி வாங்கிக் கொண்டுவந்து பனியில் விடுவார்கள். ஆந்தை எலியை நோக்கி, அதாவது கமராவை நோக்கி, நேரே பறந்து வரும். அழகான படம் கிடைக்கும். "சாப்பாடுதானே கொடுக்கிறோம்" என்பது அவர்கள் நியாயம். மனிதரும் வாகனமும் நிற்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்று பழகிய ஆந்தை வீதியோரத்தையே நாடும். வீதியோரத்தில் வாகனம் மோதும்.

இப்போது திரையைக் கொஞ்ச நேரம் வெறுமையாக விடுகிறேன். நீங்கள் எல்லோரும் எங்கோ பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்தை மனதில் நினையுங்கள். ஒரு ஆந்தை. கண்கள் வட்டமாக விரிந்து உங்களை நேரே பார்க்கின்றன. உடம்பு ஒடுங்கி நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கிறது. "என்ன கம்பீரம்" என்று சொல்வோம். பரிசும் கொடுப்போம். அந்த ஆந்தை பயந்துபோயிருக்கிறது. பகலில் ஓய்வெடுக்கும் ஆந்தை கண்ணை மூடி அல்லது பாதி மூடி, இறகை உப்பிப் பந்துபோல இருக்கும். கண் விரிவதும் உடம்பு ஒடுங்குவதும் ஆபத்து வந்துவிட்டது என்று அது காட்டும் அடையாளங்கள்.

என் தொழில் எனக்கு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. மயக்கத்தில் இருக்கும் நோயாளி "நோகுது" என்று சொல்லமாட்டார். சத்திரசிகிச்சை செய்பவரின் கண் வயிற்றில் இருக்கும். நோயாளிக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் வேலை. நாடித்துடிப்பு ஏறுகிறதா, அழுத்தம் கூடுகிறதா, கண்ணில் நீர் கசிகிறதா என்று பார்த்து, பேச முடியாதவரின் வேதனையை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். காட்டிலும் அதேதான். மூஸ் காதைப் பின்னால் மடித்துப் பிடரி மயிரைச் சிலிர்த்தால், நரி தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், குருவி ஒரே எச்சரிக்கைச் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், அவை சொல்வது ஒன்றே: நீ கிட்ட வந்துவிட்டாய். அசையாமல் இருப்பதை அமைதி என்று எடுத்துவிடவும் கூடாது. பயத்தில் உறைந்து கிடக்கும் மான்குட்டிக்கு இதயத்துடிப்பு ஏறாமல் குறைந்தே போகும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சும்மா கிடக்கிறது என்று நாம் நினைப்போம். அது தன்னால் இயன்ற அளவு ஒளித்துக்கொண்டிருக்கிறது.

நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி எளிமையானது. ஒரு உயிர் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினால், நான் போதிய அளவுக்கும் மேலே கிட்டப் போய்விட்டேன். பின்னுக்கு வர வேண்டும். படம் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை.

நாலாவது படத்தைப் பாருங்கள். பெரிய சாம்பல் ஆந்தை. சில குளிர்காலங்களில்தான் வடக்கிலிருந்து இறங்கி வரும். முழங்காலளவு பனிக்கு அடியில் ஓடும் எலியின் சத்தத்தைக் கேட்டு, மேலேயிருந்து தலைகீழாகப் பாய்ந்து பிடிக்கக்கூடியது. அதன் முகம் அப்படி வட்டத் தட்டுப்போல இருப்பது, ஒலியைக் காதுக்குத் திருப்பிவிடத்தான். ஒரு பட்டமரத்தில் இது இருப்பதைக் கண்டு, தூரத்தில் முக்காலியை ஊன்றி, ஹெம்லொக் மரத்தோடு மரமாக நான் நின்றேன். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஒருமுறை திரும்பி என் பக்கம் பார்த்தது, பிறகு கணக்கெடுக்கவில்லை. படத்தில் ஆந்தை சிறியதாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் காடு பெரிதாக இருக்கிறது. அதன் கண் பனியைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் உள்ள படங்களில் எனக்கு மிகவும் விருப்பமானது இதுதான்.

அப்படி நிற்கும்போது காட்டின் சத்தங்களும் வரும். கடுங்குளிரில் மரத்தின் தண்டு பிளந்து பட்டென்று வெடிக்கும். ஏரியின் பனித்தளம் விரியும்போது அடிவானத்தில் பீரங்கிபோல முழங்கும். நம் ஊரில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தங்கள் எதை ஞாபகப்படுத்தும் என்று இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. ஆரம்பத்தில் உடம்பு தானாகக் குனியும். இப்போது அது மரம், இது தண்ணீர் என்று காதுக்குத் தெரியும். இதைப் பெரியம்மாவுக்கான இரண்டாவது பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது படம் கனடா ஜே. சாம்பல் நிறம், மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. இலையுதிர் காலத்தில் இது ஆயிரக்கணக்கான சிறு உணவுத் துண்டுகளைத் தன் பசைபோன்ற எச்சிலால் உருட்டி, மரப்பட்டைகளுக்குள் ஒளித்துவைக்கும். அந்தச் சேமிப்பை நம்பித்தான், மற்றப் பறவைகள் திரும்பி வருமுன்பே, பனி கொட்டும் மார்ச் மாதத்தில் முட்டையிட்டு அடைகாக்கும். இந்தப் படத்தில் காலில் நிற வளையங்கள் தெரிகின்றன. அல்கொன்குவினில் அறுபதுகளிலிருந்து இந்தப் பறவைகளை, வளையங்களைக் கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு ஆய்வு செய்துவருகிறார்கள். அந்த ஆய்வுப் பகுதியில் இவற்றின் தொகை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. காரணம், இலையுதிர் காலம் சூடாகிவருவது. இடையிடையே பனி உருகித் திரும்ப உறைவது. இயற்கைக் குளிரூட்டியில் வைத்த சாப்பாடு பழுதாகிவிடுகிறது. வசந்தத்தில் குஞ்சுக்கு ஊட்ட மிச்சமில்லை. மூஸுக்கும் இதே கதை. சூடான, நீண்ட இலையுதிர் காலத்தில் ஒரு மூஸின் உடம்பில் ஆயிரக்கணக்கில் உண்ணிகள் ஏறிவிடும். குளிர்காலம் முழுவதும் அவை இரத்தத்தை உறிஞ்ச, அது மரத்தில் உரசி உரசி மயிரை இழந்து நிற்கும். அந்த உயிர்களுக்குக் குளிர் எதிரியாக இருந்ததில்லை. குளிர் குறைவதுதான் அவற்றுக்குக் கேடு. பனி ஆந்தையையோ ஜேயையோ நாங்கள் எடுக்கும் படங்கள் இன்று அழகுக்கு. நாளைக்குச் சாட்சிக்கு.

தங்கைமாரே, இனி உங்களோடு கொஞ்சம். எங்கள் காலத்தில் விலங்கியல் செய்முறை வகுப்பில் ஒரு ரீச்சர் இருந்தார். அவர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. கரப்பானை வெட்டி வைத்துவிட்டு நாங்கள் புத்தகத்தில் உள்ள படத்தைப் பாடமாக வரைவோம். பின்னால் வந்து நின்று சொல்வார்: "தெரிஞ்சதை வரையாதை பிள்ளை, கண்டதை வரை." உங்கள் கரப்பானில் ஒரு குழாய் வலப்பக்கம் வளைந்திருந்தால் வலப்பக்கமாகவே வரைய வேண்டும், புத்தகத்தில் இடப்பக்கம் இருந்தாலும். வைத்தியத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பாடத்தை ஒருவரும் கற்பிக்கவில்லை. கமரா எனக்கு அந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

கனடாவுக்குப் போகவும் வேண்டாம், விலையுயர்ந்த கமராவும் வேண்டாம். வெண்பனி நமக்கு இல்லை. ஆனால் குளிர்காலம் நமக்கும் உண்டு. வடக்கே பூமி உறையும்போது அங்கிருந்து புறப்பட்ட பறவைகள் நம் களப்புகளுக்கு வருகின்றன. ஐப்பசியிலிருந்து பங்குனிவரை பண்ணைப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதே அவற்றைக் காணலாம். மன்னாரில் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். பூநாரைகளும் அங்கே கூட்டமாக நிற்கும். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவானது. இவை நம் வாசலில் இருக்கின்றன.

சிக்கடீக்கு நான் சொன்ன கணக்கு இந்த விருந்தாளிகளுக்கும் பொருந்தும். பல ஆயிரம் கிலோமீற்றர் பறந்து மெலிந்து வருகின்றன. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை நம் சேற்றில்தான் சேர்க்கின்றன. கூட்டமாக எழும்பிப் பறக்கும் படம் வேண்டும் என்று கல் எறிவதும், கூவிக் கை தட்டுவதும், தலைக்கு மேலே ட்ரோன் விடுவதும் அந்தச் சேமிப்பில் கைவைப்பதுதான். கரையில் குந்தியிருங்கள். நீர் வற்றும் நேரத்தில் அவை தின்றுகொண்டே தாமாகக் கிட்ட வரும்.

கல்லூரிக்கு ஒரு சிறு வேண்டுகோள். விஞ்ஞான மன்றத்தில் ஒரு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு வருடமும் முதல் ஊசிவால் வாத்து எந்தத் திகதியில் காணப்பட்டது, எங்கே, எத்தனை, யார் கண்டது என்று எழுதுங்கள். ஒரு படத்தையும் ஒட்டுங்கள். ஒரு வருடத்துப் பதிவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இருபது வருடங்களில் அது வேறெங்கும் கிடைக்காத ஆவணமாக இருக்கும். ஜே பறவைக்கு என்ன நடக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்ததும் இப்படித்தான். வருடாவருடம் யாரோ பொறுமையாக எழுதிவைத்தார்கள். அந்தக் கொப்பிக்கும், மன்றத்துக்கு ஒரு நல்ல தொலைநோக்கிக்கும் எங்கள் வகுப்பு நண்பிகள் பொறுப்பெடுத்திருக்கிறோம். அதிபரிடம் ஏற்கெனவே கதைத்துவிட்டேன். அவர் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள்.

அக்காமாருக்கும் என் வயதுக்காரருக்கும் கடைசியாக ஒன்று. வேலை, பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லோருக்காகவும் ஓடுகிறோம். வாரத்தில் ஒரு மணித்தியாலம், உங்களிடமிருந்து ஒன்றும் கேட்காத ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். மாமரத்து அணிலாக இருந்தாலும் போதும். அது தன் பாட்டில் இருக்க, நீங்கள் உங்கள் பாட்டில் இருக்கப் பழகுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. விழாக் குழு கேட்ட தலைப்பில் ஒன்றையாவது தொட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.